சிவப்புக் கல்ச்சர் சிவக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மியான்மரின் மோல்மேன், தட்டோன், பெகு பக்கம் நெல்லும் ரப்பரும் மீன்குளமும் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது வயலுக்கும் குளத்துக்கும் ஊற்ற ஊதா ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவை வீட்டிலேயே வளர்க்கிறார்கள். அது வளர்ந்த தண்ணீரைத்தான் சிவப்புக் கல்ச்சர் என்கிறோம். பாதிப் பேருக்கு அது ஒழுங்காகச் சிவக்கிறது. மீதிப் பேர் பச்சைத் தண்ணீரோ அழுகிய முட்டை வாடையோதான் காண்கிறார்கள். கல்ச்சர் கெட்டதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், இன்னும் கொஞ்சம் உணவு சேர்ப்பது. பத்தில் எட்டு முறை தப்பு உணவில் இருக்காது. காற்றில், வெளிச்சத்தில், இல்லையென்றால் விதையில் (புதுக் கலவையில் ஊற்றும் பழைய கல்ச்சரில்) இருக்கும். உணவைக் கடைசியாகத் தொடுங்கள்.

முதலில் நல்ல கல்ச்சர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வோம். ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸ் என்ற இனமானால் 5 முதல் 10 நாளில் செங்கல் கரைத்த மாதிரி செம்பழுப்பு வரும். சேற்றுவாடை லேசாக இருக்கலாம், மூக்கைப் பிடிக்கவைக்கக் கூடாது. பி.எச். (புளிப்பு, காரத்தின் அளவு) 7-க்கும் 8.5-க்கும் நடுவில் நிற்கும். ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துத் தெரியக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படைக் கலவை, 1 லிட்டருக்கு: சோடியம் அசிட்டேட் 2.5 கிராம், அம்மோனியம் குளோரைடு 0.5 கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் 0.5 கிராம், எப்சம் உப்பு 0.2 கிராம், கறியுப்பு 0.5 கிராம், ஈஸ்ட் சாறு 0.5 கிராம், கால்சியம் குளோரைடு ஒரு சிட்டிகை. கடைசியில் பி.எச்.சை 7-க்குக் கொண்டுவர வேண்டும். சோடியம் அசிட்டேட் கிடைக்காத ஊரில் 5 சதவீத வினிகர் 40 மில்லியில் 2.8 கிராம் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை அடங்கவிட்டால், ஏறக்குறைய 2.7 கிராம் சோடியம் அசிட்டேட் கிடைத்துவிடும். ஈஸ்ட் சாறை விட்டுவிடாதீர்கள். பலுஸ்ட்ரிசுக்கு பாரா அமினோ பென்சாயிக் அமிலம் வேண்டும், ஸ்பீராய்டிஸ் என்ற இன்னொரு ஊதா பாக்டீரியா இனத்துக்கு பயோட்டின், தயமின், நியாசின் வேண்டும். இவை எல்லாம் அதில் இருக்கின்றன.

எடை விஷயத்தில் ஒன்று. கடையில் வீசை, டிக்கல் கணக்கில் கட்டிக் கொடுப்பார்கள். 1 வீசை 1.63 கிலோ, 1 டிக்கல் 16.3 கிராம். டிக்கலைப் 10 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எல்லா உப்பும் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும்.

பத்து நாளாகியும் நிறமே வரவில்லை

இதுதான் அதிகம் கேட்கப்படும் குறை. வரிசையாகப் பாருங்கள், நடுவில் தாண்டாதீர்கள்.

முதலில் காற்று. இந்த பாக்டீரியா ஆக்சிஜன் இருந்தாலும் பிழைக்கும், ஆனால் ஆக்சிஜன் இருக்கும்வரை தன் ஒளிச்சாயத்தைக் கட்டாது. வாய் திறந்த வாளியிலோ பாதி நிரம்பிய பாட்டிலிலோ வளர்த்தால் தண்ணீர் கலங்குமே தவிர சிவக்காது. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, பக்கத்தை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். 30 டிகிரித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான். விதை நன்றாக இருந்தால் அதைத் தானே ஒரு நாளில் தின்று தீர்த்துவிடும். மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுக் கல்லை இதில் போட்டுவைத்தவர்கள் உண்டு. எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். வெள்ளை எல்.இ.டி. பல்பு நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், இதற்கோ அது அரைவயிற்றுச் சாப்பாடு. இதிலுள்ள பாக்டீரியோகுளோரோபில் என்ற ஒளிச்சாயம் முக்கியமாக 800 முதல் 880 நானோமீட்டர் வரையிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத்தான் பிடிக்கும். வெள்ளை எல்.இ.டி.யில் 700-க்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 590 நானோமீட்டர் பக்கமும் நீலப் பச்சையிலும் கிடைப்பதை வைத்து மெதுவாக வளரும், அதே வெளிச்சம் பாசியையும் வளர்த்துவிடும். வெயில் நல்லது. பழைய குண்டு பல்பும் நல்லது: 60 வாட், பாட்டிலிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி. எல்லாவற்றையும்விடச் சிக்கனம், இரவுக் காவல் காமிராவுக்குத் துணையாக விற்கும் 12 வோல்ட் அகச்சிவப்பு விளக்கு. கரண்ட் போனாலும் சோலார் பாட்டரியில் ஓடும். வாங்கும்போது 850 நானோமீட்டர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 940 இதற்கு ஆகாது, டி.வி. ரிமோட்டில் இருப்பது அதுதான். கடையிலேயே ஏற்றிப் பார்த்தால் 850-இல் மங்கலான சிவப்புக் கனல் தெரியும், 940-இல் ஒன்றும் தெரியாது. ஓரக்கண்ணால் பார்த்தால் போதும், விளக்கை நேராக உற்றுப் பார்க்காதீர்கள்.

பாத்திரத்தின் பருமனும் வெளிச்சக் கணக்கில்தான் சேரும். கல்ச்சர் சிவக்கச் சிவக்க வெளிச்சம் சில சென்டிமீட்டருக்குமேல் உள்ளே போகாது. 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆறு நாளில் வருவது 20 லிட்டர் கேனில் பதினைந்து நாள் இழுக்கும். நீல டிரம்மில் வைத்தால் வராது.

மூன்றாவது சூடு. 30 முதல் 35 டிகிரி இதற்கு இதம். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைமேல் வைத்த பாட்டில் 45 டிகிரியைத் தாண்டும், விதை வெந்துவிடும். பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டியில் பாதி மூழ்கவையுங்கள், மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணி போடுங்கள். மழைக்காலத்தில் கதை தலைகீழ். மோல்மேனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஜூனிலிருந்து செப்டம்பர்வரை வெயிலை நம்பிக் கல்ச்சர் போட முடியாது. விளக்குக்கு மாறுங்கள்.

நான்காவது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்துவைத்து ஆறவிடுங்கள். கூரையிலிருந்து பிடித்த மழைநீர் மிக நல்லது, முதல் பத்து நிமிஷ மழையை மட்டும் விட்டுவிடுங்கள். இரும்பு மிகுந்த ஆழ்துளைத் தண்ணீர் எடுத்த அன்று தெளிவாக இருக்கும், மறுநாள் செம்மஞ்சளாகிவிடும். ‘சிவந்துவிட்டது’ என்று மகிழ்ந்து குளத்தில் ஊற்றினால் துருவைத்தான் ஊற்றியிருப்பீர்கள். விதை போடாமல் அதே தண்ணீரை இன்னொரு பாட்டிலில் வைத்துப் பாருங்கள். அதுவும் சிவந்தால் காரணம் துரு.

இவை நான்கும் சரியென்றால் விதையைச் சந்தேகியுங்கள். விதை 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கொதிக்கவைக்காத தண்ணீரில் போடுகிறவர்கள் 20 முதல் 30 சதவீதம் போடுங்கள். விதை வலுவாக இருந்தால் மற்ற கிருமிகளுக்கு இடம் கிடைக்காது.

பச்சையாகிவிட்டது

உடனே கொட்டாதீர்கள். ஸ்பீராய்டிஸ் இனம் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பச்சை கலந்த பழுப்பாகவும், கொஞ்சம் காற்றுப் பட்டால் சிவப்பாகவும் இருக்கும். பிளாஸ்டோகுளோரிஸ் விரிடிஸ் என்ற ‘ஊதா’ பாக்டீரியா பச்சையாகவே இருக்கும். அதன் ஒளிச்சேர்க்கை மையத்தின் கட்டமைப்பைக் கண்டவர்களுக்குத்தான் 1988-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உங்கள் பாட்டிலில் இருப்பது பாசியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சோதனை சுலபம். 100 மில்லி கல்ச்சரை இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மேல்தண்ணீரை வடித்துவிட்டு, அடி வண்டலில் இரண்டு மடங்கு 95 சதவீத ஸ்பிரிட் ஊற்றி ஒரு மணி நேரம் இருட்டில் வையுங்கள். தெளிந்த சாறின்மேல் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாக்கதிர் டார்ச்சை அடியுங்கள். பாசியின் குளோரோபில் இருந்தால் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். பாக்டீரியோகுளோரோபில்லும் ஒளிரும், ஆனால் அகச்சிவப்பில், நம் கண்ணுக்கு எட்டாது. நிறமாலைமானி வசதி இருக்கும் கல்லூரிக்காரர்கள் மெத்தனால் சாறில் 771 நானோமீட்டரைப் பாருங்கள். அங்கே முகடு இருந்தால் பாக்டீரியோகுளோரோபில்-ஏ இருக்கிறது.

பாசி என்று உறுதியானால், அந்தப் பாட்டிலிலிருந்து 50 மில்லி எடுத்துப் புதிய கலவை 450 மில்லியில் கழுத்துவரை நிரப்பி, பகல் வெளிச்சமே படாத அட்டைப்பெட்டிக்குள் 850 விளக்கு மட்டும் வைத்து வளருங்கள். அந்த ஒளியில் பாசியால் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. இப்படி மூன்று தலைமுறை மாற்றினால் பாசி பெரும்பாலும் தேய்ந்துவிடும். பழைய கல்ச்சரில் செம்பு மருந்து ஊற்றிப் பாசியைக் கொல்லலாம் என்று சொல்வார்கள். செம்பு பாக்டீரியாவையும் சேர்த்துத்தான் கொல்லும்.

பால்போல் வெளுத்து, புளித்த வாடை

சர்க்கரை, வெல்லம், சோறு வடித்த கஞ்சி எதையாவது சேர்த்திருப்பீர்கள். சர்க்கரையைக் கண்டால் லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் முந்திக்கொள்ளும். பி.எச். 5-க்கு இறங்கிவிட்டால் நம் ஆள் எழுந்திருக்க மாட்டார். பி.எச். 6-க்கு மேல் இருந்தால் சமையல் சோடாவால் 7-க்கு ஏற்றி, 30 சதவீதம் புது விதை போட்டுப் பார்க்கலாம். 5-க்குக் கீழே போனது உரக்குழிக்குத்தான். மேலே மட்டும் வெள்ளை ஆடை படிந்து கீழே சிவந்திருந்தால் மூடி இளகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆடையை எடுத்துவிட்டு நிரப்பி மூடுங்கள். அதை விதையாக மட்டும் வைக்காதீர்கள்.

அழுகிய முட்டை நாற்றம், அடியில் கறுப்பு

ஹைட்ரஜன் சல்பைடு. கறுப்பு, இரும்போடு அது சேர்ந்து உண்டான இரும்பு சல்பைடு. இரண்டு வழியில் வரும்.

ஒன்று, புரதம். முட்டை, நாப்பிச் (புளிக்கவைத்த உப்பு மீன் விழுது) சாறு எல்லாம் பரவலான நாட்டுச் செய்முறைகள். கைக்குக் கிடைப்பதை வைத்துச் செய்வதில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. 1 லிட்டருக்கு நாப்பிச் சாறு 5 மில்லிக்கு மேல் வேண்டாம், அதிலேயே ஒரு கிராமுக்குக் குறையாமல் உப்பு வந்துவிடும். முட்டை சேர்ப்பவர்கள் 10 லிட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக அடித்து வடிகட்டிச் சேருங்கள். கட்டியாக அடியில் தங்கும் முட்டைதான் அழுகும். ஆறு நாளும் வாடை தாங்காமல், அம்மோனியாக் காரம் கண்ணில் பட்டால் புரதம் ரொம்ப அதிகம்.

மற்றது சல்பேட். இது ரப்பர்த் தோட்டக்காரர்களின் தலைவலி. ஷீட் போட்டபின் வடியும் தண்ணீரில் சர்க்கரை, புரதம், கரிம அமிலம் எல்லாம் உண்டு. ஊதா பாக்டீரியாவுக்கு அது விருந்து. தாய்லாந்தில் பிரின்ஸ் ஆஃப் சோங்க்லா பல்கலைக்கழகத்தார் ரப்பர் ஷீட் கழிவுநீரைச் சுத்திகரிக்க இந்த வகை பாக்டீரியாவை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ரப்பர்ப் பால் உறையவைக்க எந்த அமிலம் ஊற்றினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். ஃபார்மிக் அமிலமானால் சமாளிக்கலாம். விலை குறைவென்று கந்தக அமிலம் ஊற்றியிருந்தால் தண்ணீர் முழுக்க சல்பேட், அதைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியா சேற்றிலும் கால்வாயிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கலவையாக எடுக்காதீர்கள்.

ஃபார்மிக் அமிலத் தண்ணீரானால் இப்படிச் செய்யுங்கள். ஒரு நாள் தெளியவிட்டு, மிதக்கும் ரப்பர்த் துணுக்கைத் துணியில் வடியுங்கள். 1 பங்குக்கு 3 பங்கு நல்ல தண்ணீர் கலந்து, சமையல் சோடாவால் பி.எச்.சை 7-க்கு ஏற்றுங்கள். தொடக்கத்தில் 4, 5 என்று இருக்கும், ஆகவே சோடா கொஞ்சம் செலவாகும். அதன் பிறகும் லிட்டருக்கு 1 கிராம் சோடா கூடுதலாகப் போடுவது வீண் இல்லை. புளித்த தண்ணீரில் புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள் இருக்கும், அவற்றைத் தின்ன பாக்டீரியாவுக்கு கார்பன் டை ஆக்சைடு துணை வேண்டும். விதை 30 சதவீதம். பாலில் அம்மோனியா சேர்த்திருந்தால் தனியாக அம்மோனியம் உப்பு வேண்டாம்.

அடிப்படைக் கலவையில் அம்மோனியம் சல்பேட் உரத்துக்குப் பதிலாகக் குளோரைடு சொன்னதும் இதற்காகத்தான். எப்சம் உப்பின் சிறு சல்பேட் பரவாயில்லை, அது தேவைக்குத்தான்.

நாற்றம் லேசாக இருந்து மேலே சிவப்பும் இருந்தால் பொறுத்துப் பாருங்கள். ஊதா பாக்டீரியா பலவும் சிறிதளவு சல்பைடைத் தாங்கும், சில அதையே உணவாக்கும். நுண்ணோக்கியில் உயிரணுக்குள் பளபளக்கும் மணிகள் தெரிந்தால், உங்கள் பாட்டிலில் குரோமேஷியம் போன்ற கந்தக வகை நுழைந்திருக்கிறது. நாற்றம் தலைசுற்ற வைக்கும் அளவுக்கு இருந்தால் மூடிய அறையில் திறக்காதீர்கள். இந்த வாயு நச்சு, ஓர் அளவுக்குமேல் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது.

பாட்டில் பந்துபோல் உப்புகிறது

பி.எச். தாளை நனையுங்கள். 5, 6 என்று இறங்கி, கள் வாடை அடித்தால் சர்க்கரை புளித்த வாயு, மேலே சொன்னதுதான். பி.எச். 7-க்கு மேல் நின்று, நல்ல சிவப்பும் இருந்து, வெயில் ஏறும்போது மட்டும் உப்பினால் அது ஹைட்ரஜன். கல்ச்சர் கெடவில்லை, மிக ஆரோக்கியமாக இருக்கிறது!

அம்மோனியா தீர்ந்து, கரிம அமிலமும் வெளிச்சமும் மிச்சம் இருக்கும்போது இந்த பாக்டீரியா நைட்ரோஜினேஸ் என்ற நொதியை இயக்கும். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் அதே நொதி, ஹைட்ரஜனையும் வெளிவிடும். 1949-இல் கெஸ்ட், காமென் என்ற இருவர் ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் இனத்தில் இதைக் கண்டார்கள். இந்த பாக்டீரியாவை வைத்துக் கழிவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆராய்ச்சி அதிலிருந்துதான் கிளைத்தது. நைட்ரஜனுக்கு அஜினமோட்டோவை மட்டும் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதிலுள்ள குளூட்டமேட் அம்மோனியாவைப்போல் அந்த நொதியை அடக்காது. வயலுக்கு வேண்டியவர்கள் லிட்டருக்கு 0.5 கிராம் அம்மோனியம் குளோரைடு சேர்த்தால் உப்பல் நிற்கும். எப்படியானாலும் தினம் ஒரு தடவை மூடியை அரைத் திருகு இளக்கி வாயுவை விடுங்கள், கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடவே வேண்டாம். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். பாட்டில் அடுக்கிய அறையில் பீடி, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் கூடாது.

சிவக்கத் தொடங்கி நின்றுவிட்டது

பி.எச். 9-ஐத் தொட்டிருக்கும். அசிட்டேட்டைத் தின்னத் தின்னக் கலவை காரமாகும், அடியில் வெள்ளைப் பொடியாகக் கால்சியம் பாஸ்பேட்டும் விழும். வினிகரை லிட்டருக்கு 1 மில்லி வீதம் விட்டு, ஆட்டி, அளந்து, 7.5-க்கு இறக்குங்கள். அதுவே புது உணவும் ஆகும்.

சுவரில் சிவப்புத் தோலாக ஒட்டிக்கொண்டு நடுவில் தெளிவாக இருந்தால், காலையும் மாலையும் பாட்டிலைத் தலைகீழாக்கி ஆட்டுங்கள். ஒட்டிய தோல் வெளிச்சத்தை மறைத்துவிடும்.

நிறம் மட்டும் வெளிறி, தம்ளர்ச் சோதனையில் எழுத்து மறைந்தால் கவலை வேண்டாம். கடும் வெளிச்சத்தில் ஒவ்வோர் உயிரணுவும் சாயத்தைக் குறைத்துக்கொள்ளும், மங்கலில் கூட்டிக்கொள்ளும். அடர் சிவப்புக்குக் கூடுதல் விலை கேட்கும் வியாபாரியிடம் இதைச் சொல்லுங்கள்.

சிவப்புதான், ஆனால் சந்தேகமாக இருக்கிறது

திறந்த பாத்திரத்தில் இரண்டே நாளில் இளஞ்சிவப்பு வந்தால் செர்ரேஷியா மார்செசென்ஸ் ஆக இருக்கலாம். ஈரக் குளியலறைச் சுவரில் வரும் ரோஸ் நிறம் அதுதான். காயம்பட்டவருக்கும் நோயாளிக்கும் தொற்றக்கூடியது. ஸ்பிரிட் சாறைப் பிரித்து இரண்டு துளி வினிகர் விட்டால் ரோஸ், சோடா விட்டால் மஞ்சள் என்று மாறினால் அது செர்ரேஷியாவின் சாயம். ஊதா பாக்டீரியாவின் கேரோட்டினாய்டுச் சாயம் அப்படி மாறாது. செர்ரேஷியா என்றால் பிளீச்சிங் கலந்து ஒரு மணி நேரம் வைத்துக் கொட்டிவிடுங்கள்.

கல்ச்சர் நன்று, குளத்தில் பலனில்லை

விடியலில் ரோகு மீன் மேலே வந்து வாய் பிளக்கும்போது சிவப்புக் கல்ச்சரை ஊற்றுகிறார்கள். இது மிகத் தப்பு. இதன் ஒளிச்சேர்க்கை ஆக்சிஜனை வெளிவிடாது. காற்றுள்ள தண்ணீரில் இதுவும் சுவாசித்து ஆக்சிஜனைத் தின்னும், பாட்டிலில் மீந்த உணவும் தின்னவைக்கும். அந்த நேரத்தில் பம்பை ஓட்டுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். கல்ச்சர் வெயில் ஏறியபின், மீன் தெம்பாக இருக்கும் நாளில், அடிச் சேற்றின் அழுக்கைக் குறைக்க ஊற்றுவது. பிளீச்சிங், பெர்மாங்கனேட், சுண்ணாம்பு போட்ட வாரத்தில் ஊற்றினால் வீண்.

நெல்லுக்கு 100 மடங்கு தண்ணீரில் கலந்து மாலையில் தெளிப்பது வழக்கம். இலை நுனி கருகினால் நாப்பி உப்பு அல்லது அம்மோனியா அதிகம், 200 மடங்குக்குப் போங்கள். செம்பு பூஞ்சைமருந்தோடு ஒரே தொட்டியில் கலக்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் பலவீனமாகிறது

பாட்டிலிலிருந்து பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டே போனால் ஏழெட்டுத் தலைமுறையில் மற்ற கிருமி கூடிவிடும். தாய்க் கல்ச்சரை வேறாக வையுங்கள். ஈஸ்ட் சாறு சேர்த்த கொதித்தாறிய கலவையில், சிறு பாட்டில் மூன்றில், 850 விளக்கடியில் வளர்த்து, சிவந்ததும் குளிர்ப்பெட்டியில் 4 டிகிரியில் இருட்டில் வைத்து, மாதம் ஒரு தடவை புதுப்பியுங்கள்.

தாயே போய்விட்டால் வயல் சேறு இருக்கிறது. நீர் நின்ற நெல்வயலின் மேல் சேறு 1 கிராம், கலவை 100 மில்லி, கழுத்துவரை நிரப்பிய பாட்டில், 850 விளக்கு. ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் சுவரில் மிளகளவு செம்புள்ளிகள் தோன்றும். உறிஞ்சுகுழாயால் புள்ளியை மட்டும் இழுத்துப் புதுக் கலவையில் விடுங்கள், சேற்றை விட்டுவிடுங்கள். நான்காவது மாற்றத்தில் கிடைப்பதை விதையாக எடுக்கலாம். மூடியில் தேதியையும் எத்தனையாவது மாற்றம் என்பதையும் அழியாத மையால் எழுதிவையுங்கள். ஸ்டிக்கர் குளிர்ப்பெட்டி ஈரத்தில் உரிந்துவிடும்.